ஜலாலுத்தீன் அல்-சுயூத்தி

ஜலாலுத்தீன் அப்துர் ரஹ்மான் இப்னு அபீ பக்ர் அல்-சுயூத்தி (அக்டோபர் 3, 1445 – அக்டோபர் 1505) எகிப்தின் கெய்ரோ நகரில் பிறந்து அங்கேயே வாழ்ந்து மறைந்த அரபு அறிஞர் ஆவார். குர்ஆன் விரிவுரை, நபிமொழித் தொகுப்பு, சட்டம், மொழியியல், வரலாறு ஆகிய துறைகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெரிதும் சிறிதுமான நூல்களை எழுதியவர். இமாம் சுயூத்தி என்றும் இவரை அழைப்பர்.

சமய அறிஞராகவே பரவலாக அறியப்பட்ட இவர், இசுலாமிய உலகில் நிகழ்ந்த நிலநடுக்கங்களை ஆண்டு வரிசையில் பட்டியலிட்டு ஒரு சிறு நூலையும் எழுதினார். நிலநடுக்கவியல் கருவிகள் தோன்றுவதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்நூல், மத்திய கிழக்கின் பழைய நிலநடுக்கங்களை ஆராய்வோர் முதலில் நாடும் அரபு மூலங்களில் ஒன்றாக விளங்குகிறது. அதே வேளையில், பழைய வரலாற்றுக் குறிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியையும் அது எழுப்புகிறது.

பிறப்பும் குடும்பமும்

சுயூத்தி ஹிஜ்ரி 849ஆம் ஆண்டு ரஜப் மாதம் முதல் நாளன்று கெய்ரோவில் பிறந்தார். அக்காலத்தில் எகிப்தும் சிரியாவும் மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில் இருந்தன. இவருடைய குடும்பம் மேல் எகிப்தில் நைல் ஆற்றங்கரையில் உள்ள அஸ்யூத் நகரைச் சேர்ந்தது. சுயூத்தி என்ற பெயர் அந்நகரின் பெயரில் இருந்து வந்ததாகும். தந்தையார் கெய்ரோவில் உள்ள ஷைகூனிய்யா கல்விக்கூடத்தில் ஷாஃபிஈ சட்டம் கற்பித்தவர். கெய்ரோவில் வாழ்ந்த அப்பாசியக் கலீபாவுக்குத் தொழுகை நடத்தும் இமாமாகவும் அவர் பணியாற்றினார்.

தாய் நூலகத்தில் ஒரு நூலை எடுக்கச் சென்றபோது அங்கேயே சுயூத்தி பிறந்தார் என்றும், அதனால் நூல்களின் மகன் என்ற பட்டப்பெயர் இவருக்கு அமைந்தது என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது. இவருக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தபோது தந்தை இறந்தார். அதன் பின்னர் தந்தையின் நண்பர்கள் இவரைப் பேணி வளர்த்தனர். புகழ்பெற்ற ஹனஃபி சட்ட அறிஞர் கமாலுத்தீன் இப்னுல் ஹுமாம் அவர்களுள் ஒருவர்.

கல்வி

எட்டு வயது நிறைவதற்கு முன்பே சுயூத்தி குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தார். தொடர்ந்து சட்டம், இலக்கணம் ஆகியவற்றின் அடிப்படை நூல்களையும் மனனம் செய்தார். அலமுத்தீன் அல்-புல்கீனி, ஷரஃபுத்தீன் அல்-முனாவி, தகியுத்தீன் அல்-ஷுமுன்னி, முஹ்யித்தீன் அல்-காஃபியஜி ஆகியோர் இவருடைய ஆசிரியர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். காஃபியஜியிடம் மட்டும் பதினான்கு ஆண்டுகள் பயின்றதாக இவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார்.

1464இல் மக்காவுக்குப் புனிதப் பயணம் மேற்கொண்டார். அங்கு ஸம்ஸம் நீரை அருந்தியபோது, சட்டத்தில் புல்கீனியின் நிலையையும் நபிமொழிக் கலையில் இப்னு ஹஜரின் நிலையையும் அடையவேண்டும் என்று வேண்டிக்கொண்டதாக இவரே குறிப்பிட்டுள்ளார். தமக்குக் கைவந்த கலைகள் எவை, வராதவை எவை என்பதையும் இவர் வெளிப்படையாகப் பதிவு செய்துள்ளார். கணக்கு தமக்கு மிகக் கடினமானது என்றும், ஒரு கணக்கைப் பார்க்கும்போது மலையைச் சுமக்க முயல்வது போல் இருந்தது என்றும் அவர் எழுதியுள்ளார். தர்க்கவியலையும் கிரேக்க மெய்யியலையும் இளமையிலேயே வெறுத்து ஒதுக்கினார்.

ஆசிரியப் பணியும் நூல்களும்

பதினெட்டு வயது அளவில், தந்தை கற்பித்த அதே இடத்தில் சுயூத்தி சட்டம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் இப்னு தூலூன் பள்ளிவாசலில் நபிமொழிகளைச் சொல்லி எழுதுவிக்கும் வகுப்புகளை நடத்தினார். 1486இல் கெய்ரோவின் பெரிய சூஃபி மடங்களில் ஒன்றான பைபர்ஸிய்யாவின் தலைவராக நியமிக்கப்பட்டார்.

இவருடைய ஆசிரியர் தலைமுறையைச் சேர்ந்த ஜலாலுத்தீன் அல்-மஹல்லி முடிக்காமல் விட்டுச்சென்ற குர்ஆன் விரிவுரையை, தமது இருபதாம் வயதளவில் நாற்பது நாட்களில் இவர் எழுதி முடித்தார். இரு ஜலால்களின் விரிவுரை என்ற பொருளில் தஃப்சீர் அல்-ஜலாலைன் எனப்படும் அந்நூல், தமிழ்நாடு, இலங்கை ஆகிய இடங்களில் உள்ள அரபுக் கல்லூரிகளிலும் பாடநூலாகப் பயிலப்பட்டு வருகிறது. குர்ஆனியல் பற்றிய அல்-இத்கான், மொழியியல் பற்றிய அல்-முஸ்ஹிர், கலீபாக்களின் வரலாறான தாரீக் அல்-குலஃபா, எகிப்தின் வரலாறான ஹுஸ்ன் அல்-முஹாளரா ஆகியவை இவருடைய மற்ற முக்கிய நூல்கள் ஆகும்.

இவருடைய நூல்கள் இவர் வாழ்ந்த காலத்திலேயே சிரியா, ஹிஜாஸ், யேமன், இந்தியா, மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களுக்குச் சென்றன. இதனைத் தம் தன்வரலாற்றில் பெருமிதத்துடன் இவர் குறிப்பிடுகிறார்.

பிணக்குகள்

சுயூத்தி தம் புலமையைப் பற்றி அடக்கமாகப் பேசியவர் அல்லர். முன்னோரைப் பின்பற்றாமல் சுயமாகச் சட்ட முடிவு காணும் தகுதி தமக்கு உண்டு என்றும், ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சமயத்தைப் புதுப்பிப்பவராகத் தாம் இருக்கக்கூடும் என்றும் அறிவித்தார். இதனால் கெய்ரோ அறிஞர்கள் பலர் இவரை எதிர்த்தனர்.

எதிர்த்தவர்களில் முதன்மையானவர் வரலாற்றாசிரியர் அல்-சகாவி (1428–1497). பிறர் நூல்களை எடுத்து, சிறிது மாற்றி, தம் பெயரில் வெளியிடுகிறார் என்று சுயூத்தியின் மீது அவர் குற்றம் சாட்டினார். சுயூத்தியும் அதற்குக் கடுமையாக மறுமொழி எழுதினார். பின்னாளில் அல்-கஸ்தல்லானி என்ற அறிஞர் தம் நூல்களில் இருந்து பெயர் குறிப்பிடாமல் எடுத்துக்கொண்டார் என்று சுயூத்தியே முறையிட்டார். கஸ்தல்லானி வெறுங்காலுடன் நடந்து சென்று மன்னிப்புக் கோரியதாகக் கூறப்படுகிறது.

இப்பிணக்கு தனிமனிதப் பகையோடு முடியக்கூடிய ஒன்றன்று. பழைய நூல்களில் இருந்து எடுத்துத் தொகுப்பதே சுயூத்தியின் வாழ்நாள் தொழிலாக இருந்தது. அவர் பயன்படுத்திய நூல்களில் சில இன்று கிடைப்பதில்லை. எனவே அவருடைய பகைவர் குறை கூறிய அதே வழக்கத்தால்தான் பல செய்திகள் அழியாமல் எஞ்சியுள்ளன. நிலநடுக்கப் பட்டியலுக்கும் இது பொருந்தும்.

இறுதிக் காலம்

சுயூத்தி ஆட்சியாளர்களை நெருங்காதவர். அறிஞர்கள் சுல்தான்களின் அவைக்குச் செல்லக்கூடாது என்று தனி நூலே எழுதினார். சுல்தான் காயித்பாயுடன் (ஆட்சி 1468–1496) இவருக்குக் கருத்து வேறுபாடுகள் இருந்தன.

1501இல் பைபர்ஸிய்யா மடத்தில் உதவித்தொகை வழங்குவது பற்றி எழுந்த பூசலில் அங்கிருந்த சூஃபிகள் இவரைத் தாக்கினர். இவர் பதவியை இழந்தார். அவ்வாண்டில் சில மாதங்களே ஆட்சி செய்த சுல்தான் முதலாம் தூமான்பாய் இவர்மேல் பகை கொண்டிருந்ததால், அவர் ஆட்சி முடியும் வரை சுயூத்தி மறைந்து வாழ்ந்தார். அதன் பின்னர் நைல் ஆற்றின் நடுவில் உள்ள ரவ்ளா தீவில் தம் வீட்டில் தனித்து வாழ்ந்து, நூல்களைத் திருத்துவதிலும் எழுதுவதிலும் காலம் கழித்தார். அடுத்து வந்த சுல்தான் கான்ஸூ அல்-கவ்ரியின் ஆட்சியில் மடத்தின் பதவி மீண்டும் அளிக்கப்பட்டபோது ஏற்க மறுத்தார். ஆற்றைப் பார்த்த சன்னல்களைக்கூட அவர் திறந்ததில்லை என்று மாணவர்கள் கூறுவர். ஹிஜ்ரி 911ஆம் ஆண்டு ஜமாதுல் அவ்வல் மாதத்தில், இடது கையில் ஏற்பட்ட வீக்கத்தால் ஏழு நாட்கள் நோயுற்று இறந்தார்.

நிலநடுக்க நூல்

சுயூத்தியின் நிலநடுக்க நூலின் பெயர் கஷ்ஃப் அஸ்-ஸல்ஸலா அன் வஸ்ஃப் அஸ்-ஸல்ஸலா என்பதாகும். நிலநடுக்கத்தின் விவரிப்பில் இருந்து இரைச்சலை நீக்குதல் என்று இதனைப் பொருள் கொள்ளலாம். தமிழ் எழுத்தில் ஒன்றுபோல் தோன்றினாலும் இப்பெயரில் வரும் இரு சொற்களும் அரபியில் வேறுவேறு எழுத்துகளால் ஆனவை. முதலாவது கணகணவென்ற ஓசையையும் இரண்டாவது நிலநடுக்கத்தையும் குறிக்கின்றன. குர்ஆனின் 99ஆம் அத்தியாயத்தின் பெயரும் இவ்விரண்டாம் சொல்லே ஆகும்.

நிலநடுக்கம் சுயூத்திக்கு ஏட்டில் மட்டும் படித்த செய்தியன்று. 1481ஆம் ஆண்டு மார்ச்சில் கெய்ரோ குலுங்கியது. அப்போது சாலிஹிய்யா மதரசாவின் மேற்சுவரில் இருந்து விழுந்த கற்களால் நகரின் ஹனஃபி தலைமை நீதிபதி உயிரிழந்தார். சுயூத்திக்கு அப்போது வயது 35. அவர் பின்னர் தலைமை ஏற்ற பைபர்ஸிய்யா மடத்தைக் கட்டியவர், 1303ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்தில் சேதமடைந்த அல்-ஹாக்கிம் பள்ளிவாசலைச் சீரமைத்த அமீர் பைபர்ஸ் அல்-ஜாஷ்னகீர் ஆவார். நகரின் கட்டடங்களிலேயே பழைய நிலநடுக்கங்களின் தடம் இருந்தது.

நூலின் முற்பகுதியில் நிலநடுக்கம் பற்றிய சமயச் செய்திகள் தொகுக்கப்பட்டுள்ளன. பூமிக்குள் அடைபட்ட ஆவி வெளியேற முயல்வதால் நிலம் நடுங்குகிறது என்பது அரிஸ்டாட்டில் வழியாக வந்து இப்னு சீனா போன்றோர் ஏற்ற விளக்கம். மெய்யியலை ஏற்காத சுயூத்தி நிலநடுக்கத்தை இறைவனின் எச்சரிக்கையாகவே கண்டார். பிற்பகுதியில் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் இருந்து தம் காலம் வரையில் நிகழ்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட நிலநடுக்கங்களை ஆண்டு, இடம், சேதம் என்ற முறையில் சுருக்கமாகப் பதிவு செய்துள்ளார். அவருக்குப் பின் வந்தவர்கள் அப்பட்டியலில் மேலும் செய்திகளைச் சேர்த்தனர்.

இயற்கைக் காரணத்தைத் தேடாத ஒருவரின் நூல் அறிவியலுக்குப் பயன்பட்டது எவ்வாறு என்ற கேள்வி எழலாம். நிலநடுக்கம் இறை எச்சரிக்கை எனில், அது எப்போது, எங்கே, எவர்மேல் வந்தது என்பதைத் தவறவிடாமல் குறிப்பது கடமையாகிறது. எனவே காரணம் பற்றிய அவருடைய கருத்தை ஏற்காதவர்களும் அவர் தொகுத்த பட்டியலைப் பயன்படுத்த முடிகிறது.

மூலங்கள்

அரபு வரலாற்று நூல்களில் பெரும்பாலானவை ஆண்டு வரிசையில் அமைந்தவை. போர், பஞ்சம், வெள்ளம், கொள்ளைநோய், கிரகணம் ஆகியவற்றோடு நிலநடுக்கமும் அந்தந்த ஆண்டின்கீழ்க் குறிக்கப்பட்டது. அல்-தபரி (839–923), பக்தாதின் இப்னுல் ஜவ்ஸி (இறப்பு 1201), மோசுல் நகரின் இப்னுல் அதீர் (1160–1233), கெய்ரோவின் அல்-மக்ரீஸி (1364–1442) ஆகியோர் இம்முறையில் எழுதியவர்களுள் முதன்மையானவர்கள்.

இவர்களில் நேரில் கண்டு எழுதியோரும் உண்டு. டமாஸ்கஸ் நகரின் இப்னுல் கலானிசி (இறப்பு 1160) 1156 முதல் சிரியாவைத் தொடர்ந்து உலுக்கிய அதிர்வுகளை நாள், நேரம் குறித்து ஏறக்குறைய நாட்குறிப்பைப் போல எழுதினார். அவ்வரிசையில் மிகப் பெரியது 1157 ஆகஸ்டில் ஹமா நகரை அழித்தது. அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் வெளியே சென்ற வேளையில் பள்ளி இடிந்து பிள்ளைகள் அனைவரும் இறந்தனர் என்றும், தம் பிள்ளையைத் தேடி ஒரு பெற்றோரும் வரவில்லை என்றும் இப்னுல் அதீர் பதிவு செய்துள்ளார். பெற்றோரும் மடிந்திருந்தனர் என்பது இதன் பொருள். அதே நிலநடுக்கத்தில் ஷைஸர் கோட்டையில் விருந்துக்குக் கூடியிருந்த முன்கித் குடும்பத்தினர் ஏறத்தாழ முழுமையாக அழிந்தனர். வெளியூரில் இருந்ததால் உயிர்தப்பிய உசாமா இப்னு முன்கித் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரானார்.

சான்றாகக் கொள்வதில் உள்ள சிக்கல்கள்

சுயூத்தியின் பட்டியலையும் அதுபோன்ற தொகுப்புகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவற்றில் ஏற்படும் பிழைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

இடப்பெயர்: ஹிஜ்ரி 280இல் ஒரு நகரில் சந்திர கிரகணத்தைத் தொடர்ந்து நிலநடுக்கம் ஏற்பட்டு, இடிபாடுகளில் இருந்து 150,000 உடல்கள் எடுக்கப்பட்டன என்ற செய்தி பக்தாதுக்கு வந்தது. சுயூத்தியின் கலீபாக்கள் வரலாற்றிலும் இச்செய்தி உள்ளது. அந்நகரின் பெயர் தபீல். ஆர்மீனியாவின் பழைய தலைநகரான துவின் நகரை அரபியர் அவ்வாறு அழைத்தனர். அரபியில் ப ஒலிக்குரிய எழுத்தின்கீழ் ஒரு புள்ளியும் ய ஒலிக்குரிய எழுத்தின்கீழ் இரு புள்ளிகளும் இடப்படும். சொல்லின் நடுவில் இவ்விரண்டின் வடிவமும் ஒன்றே. புள்ளிகள் இடம் மாறினால் தபீல் என்பது சிந்து மாகாணக் கடற்கரையில் இருந்த தைபுல் துறைமுகமாகிவிடும். முன்னால் இரு எழுத்துகள் சேர்ந்தால் ஈரானில் உள்ள அர்தபீல் ஆகிவிடும். இதனால் ஒரே நிலநடுக்கம் ஆர்மீனியா, ஈரான், இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் பட்டியல்களிலும் இடம்பெற்றது. ஆர்மீனிய வரலாற்றாசிரியர்களும் துவின் நகரின் அழிவைப் பதிவு செய்துள்ளதாலும், 893 டிசம்பர் இறுதியில் வரும் கிரகணத்தின் நாள் கணக்கிடத்தக்கது என்பதாலும் உண்மையான இடம் துவின் எனத் தெளிவாயிற்று. சிந்துவில் அவ்வாண்டு நிகழ்ந்ததாக எழுதப்பட்ட நிலநடுக்கம் நிகழாத ஒன்றாகும்.

உயிரிழப்பு எண்ணிக்கை: 1138 அக்டோபரில் அலெப்போ பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 230,000 பேர் இறந்தனர் என்று பல உலகப் பட்டியல்கள் கூறுகின்றன. இந்த எண் நிகழ்வுக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய இப்னு தக்ரீபிர்தியின் நூலில் இருந்து வந்தது. அண்மைக்காலத்து மூலங்கள் முன்னதிர்வுகளால் எச்சரிக்கை அடைந்த மக்கள் நகரைவிட்டு வெளியேறினர் என்றும், அதாரிப் கோட்டை இடிந்து அறுநூறு காவலர்கள் இறந்தனர் என்றும் கூறுகின்றன. 1139இல் காக்கேசியப் பகுதியின் கஞ்சா நகரை அழித்த வேறொரு நிலநடுக்கத்தின் எண்ணிக்கை இதனுடன் கலந்துவிட்டது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

நாள்: ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டு ஆதலால் 354 அல்லது 355 நாட்கள் கொண்டது. அதனை ஏனைய நாட்காட்டிகளுக்கு மாற்றும்போது ஓராண்டு பிறழ்வது எளிது. 1202 மே 20 அன்று சிரியாவில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தைச் சில நூல்கள் ஹிஜ்ரி 597இலும் சில 598இலும் வைத்தன. இரண்டையும் பார்த்த தொகுப்பாளர்கள் இரு நிலநடுக்கங்கள் எனக் கொண்டனர். அப்போது எகிப்தில் இருந்த மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி கிழமையுடனும் கோப்து மாதத்துடனும் சேர்த்து நாளைக் குறித்துவைத்ததால் சரியான நாள் உறுதியாயிற்று.

மௌனம்: வரலாற்றாசிரியர்கள் தலைநகரங்களிலும் பெரிய நகரங்களிலும் வாழ்ந்தனர். கோட்டை, பள்ளிவாசல், மினார் ஆகியவற்றின் சேதம் பதிவாயிற்று. சிற்றூர்களிலும் பாலைநிலத்திலும் செங்கடல் கரையிலும் நிகழ்ந்தவை பதிவாகாமல் போயின. ஆகவே ஒரு பகுதியைப் பற்றி ஏடுகளில் செய்தி இல்லை என்பது அப்பகுதி அதிரவில்லை என்பதற்குச் சான்றாகாது.

தொல்லியலும் புவியியலும் தரும் துணை

அரபு ஏடுகளின் செய்திகளை நிலத்திலும் சரிபார்க்க முடிகிறது. யோர்தான் பள்ளத்தாக்கை எட்டாம் நூற்றாண்டின் நடுவில் அழித்த நிலநடுக்கத்தின் ஆண்டைப் பற்றி மூலங்கள் முரண்பட்டன. பைசான் நகரில் நடந்த அகழாய்வில், இடிந்த கடைத்தெருவின் அடியில் கிடைத்த நாணயக் குவியலில் கடைசி நாணயம் ஹிஜ்ரி 131ஐச் சேர்ந்தது. இதனால் 749 ஜனவரி என்ற நாள் வலுப்பெற்றது.

யோர்தான் ஆற்றங்கரையில் சிலுவைப்போர் வீரர்கள் 1178-79இல் கட்டத் தொடங்கிய வாதும் யாக்கோப் கோட்டை, சாக்கடல் பிளவின் மேலேயே அமைந்துள்ளது. அதன் சுவர்கள் இன்று இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக விலகி நிற்கின்றன. இதில் ஏறத்தாழ 1.6 மீட்டர் 1202ஆம் ஆண்டிலும் எஞ்சிய அரை மீட்டர் 1759ஆம் ஆண்டிலும் விலகியவை என ஆய்வாளர்கள் கண்டனர். அப்துல் லத்தீஃப் எகிப்தில் உணர்ந்து எழுதிய அதிர்வின் தோற்றுவாய் இவ்வாறு நிலத்தில் அடையாளம் காணப்பட்டது.

1303 ஆகஸ்டில் கிரீட் தீவுப் பகுதியில் தோன்றிய நிலநடுக்கம் கெய்ரோவிலும் அலெக்சாந்திரியாவிலும் ஏற்படுத்திய சேதத்தை மக்ரீஸி விரிவாக எழுதியுள்ளார். பண்டைய உலக அதிசயங்களில் ஒன்றான அலெக்சாந்திரியா கலங்கரை விளக்கம் அதில் பெருஞ்சேதம் அடைந்தது. அதன் இடத்தில் சுயூத்தியின் காலத்தில் சுல்தான் காயித்பாய் கட்டிய கோட்டை இன்றும் உள்ளது.

மொழிபெயர்ப்பும் ஆய்வும்

சுயூத்தியின் நிலநடுக்க நூலை ஐரோப்பியர் அறியச் செய்தவர் ஆஸ்திரியாவில் பிறந்த கீழைத்தேயவியலாளர் அலாய்ஸ் ஸ்ப்ரெங்கர் (1813–1893). இவர் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1843இல் கல்கத்தாவில் வங்காள ஆசியவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார். கலீபாக்களின் வரலாறும் 1881இல் கல்கத்தாவில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1970களில் நிலநடுக்க நூலின் அரபு மூலம் மொரோக்கோவில் பதிப்பிக்கப்பட்டது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. அவருடைய தன்வரலாற்றை எலிசபெத் சார்ட்டெய்ன் 1975இல் ஆய்வுரையுடன் பதிப்பித்தார்.

தொடக்ககால நிலநடுக்கப் பட்டியல்கள் சுயூத்தியைப் போன்ற பிற்காலத் தொகுப்பாளர்களையே பெரிதும் சார்ந்திருந்தன. அதனால் அவருக்கு முன்னர் ஏற்பட்டிருந்த பிழைகளும் அறிவியல் நூல்களுக்குள் புகுந்தன. 1980இல் புவாரியே, தாஹிர் ஆகியோர் ஏழாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரையான அரபு ஆவணங்களை ஆராய்ந்து ஒரு பட்டியலை வெளியிட்டனர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த நிக்கொலஸ் அம்பிரேசிஸ் (1929–2012), வரலாற்றாசிரியர் சார்லஸ் மெல்வில் ஆகியோர் பாரசீக நிலநடுக்கங்கள் பற்றி 1982இலும், ஆடம்ஸுடன் சேர்ந்து எகிப்து, அரேபியா, செங்கடல் பகுதிகளைப் பற்றி 1994இலும் நூல்களை வெளியிட்டனர்.

இவர்கள் கையாண்ட முறை எளிமையானது. ஆனால் மிகுந்த உழைப்பைக் கோருவது. ஒவ்வொரு செய்தியையும் அதை எழுதியவர் எங்கிருந்து பெற்றார் என்று பின்னோக்கித் தேடி, நிகழ்வுக்கு மிக அண்மையான சாட்சியை அடைய வேண்டும். ஒருவரைப் பார்த்து எழுதிய பத்துப் பேரும் ஒரே சாட்சியாகவே கொள்ளப்படுவர். பின்னர், எந்தெந்த ஊர்களில் எவ்வளவு சேதம், எவ்வளவு தொலைவு அதிர்வு உணரப்பட்டது, பின்னதிர்வுகள் எத்தனை நாள் நீடித்தன என்பவற்றை நிலப்படத்தில் குறிப்பர். அதில் இருந்து நிலநடுக்கத்தின் மையமும் அளவும் மதிப்பிடப்படும். 1202ஆம் ஆண்டின் நிலநடுக்கம் ஏறத்தாழ 7.5 அளவுடையது என இவ்வாறே கணிக்கப்பட்டது. செய்தி எங்கிருந்து வந்தது என்று சங்கிலியாகத் தேடும் இம்முறை, நபிமொழி அறிஞர்கள் அறிவிப்பாளர் தொடரைச் சோதிக்கும் முறையை ஒத்தது. சுயூத்தி நன்கு அறிந்த கலை அது.

முக்கியத்துவம்

நிலநடுக்கங்களைக் கருவிகளால் பதிவு செய்யத் தொடங்கி ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளே ஆகின்றன. ஆனால் ஒரு பெரும் பிளவு ஒரு முறை பிளந்த பின் மீண்டும் பிளக்கப் பல நூற்றாண்டுகள் ஆகலாம். கருவிகளின் பதிவை மட்டும் பார்த்தால், நீண்ட காலமாக அமைதியாக உள்ள பிளவு ஆபத்தற்றது போலத் தோன்றும். அணை, மருத்துவமனை, அடுக்குமாடி வீடு ஆகியவற்றை எவ்வளவு உறுதியாகக் கட்ட வேண்டும் என்பதை முடிவு செய்ய ஆயிரம் ஆண்டுகளின் பதிவு தேவைப்படுகிறது. மத்திய கிழக்கில் அத்தகைய நீண்ட பதிவைத் தருவனவற்றுள் அரபு வரலாற்று ஏடுகள் முதன்மையானவை.

இரு திசைப் பிழைகளும் இதில் தீங்கு விளைவிக்கும். நிகழாத நிலநடுக்கம் பட்டியலில் இருந்தால் தேவையற்ற செலவும் அச்சமும் உண்டாகும். நிகழ்ந்தது விடுபட்டால் மக்கள் ஆபத்தை அறியாமல் வாழ்வர். 1992 அக்டோபர் 12 அன்று கெய்ரோவுக்கு அருகில் ஏற்பட்ட நடுத்தர அளவு நிலநடுக்கத்தில் 500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியிலும் சிரியாவிலும் நிகழ்ந்த நிலநடுக்கங்களில் 50,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சேதமடைந்த நகரங்களுள் அலெப்போவும் ஒன்று. இந்நகரங்களின் பெயர்கள் பழைய அரபு ஏடுகளிலும் நிலநடுக்கச் செய்திகளில் மீண்டும் மீண்டும் வருபவை.

சுயூத்தி தம் காலத்து மக்களை எச்சரிப்பதற்காகவே இந்நூலைத் தொகுத்தார். அவர் கண்ட காரணம் வேறாயினும், முன்பு அதிர்ந்த நிலம் மீண்டும் அதிரும் என்ற எச்சரிக்கையை அவருடைய பட்டியல் இன்றும் தருகிறது. பிழைகளைக் களைந்து படிப்போருக்கு அது பயனுள்ள சான்றாக விளங்குகிறது.